முதல் நாவலின் மனிதர்கள்: வாசகர் கேள்வி–பதில்

முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கும் வாசகர்கள் தங்கள் ஐயங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கதைமாந்தரைப் பற்றியவை. ஆகவே இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பக்க அளவு, பதிப்பகத்தை அணுகும் முறை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி (காஞ்சிபுரம் வாசகர்): 1980களில் வாழ்ந்த ஒரு பட்டு நெசவாளர் குடும்பத்தைப் பற்றி எழுதிவருகிறேன். தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர், படிப்பு, பிடித்த உணவு, பழக்கவழக்கம் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதிக்கொண்டேன். தந்தை நேர்மையானவர், முன்கோபி, மகள்மீது மிகுந்த பாசம் உள்ளவர். ஆறு அத்தியாயங்களைப் படித்த நண்பர்கள், ஒருவருக்கும் உயிர் இல்லை என்கிறார்கள். என்ன குறை?

பதில்: குறிப்புகள் எழுதியதில் தவறில்லை, அவை வீண்போகவும் மாட்டா. ஆனால் தகவல் எவ்வளவு சேர்ந்தாலும் அது ஆளாக எழுந்து நடந்துவிடாது. நேர்மை, முன்கோபம், பாசம் என்று நீங்கள் சொல்லும் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய இக்கட்டு இந்த ஆறு அத்தியாயங்களில் உங்கள் தந்தைக்கு ஒருமுறைகூட வந்திருக்காது என்று ஊகிக்கிறேன். வேண்டிய இரண்டும் ஒருசேரக் கிடைக்காது என்று ஆகும்போது ஒருவர் எதைக் கைவிடுகிறார் என்பதைப் பார்த்துத்தான் வாசகர் அவரை அறிந்துகொள்கிறார்.

அந்த இக்கட்டை நீங்கள் வெளியே தேட வேண்டியதில்லை. உங்கள் கதைக்களத்திலேயே இருக்கிறது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் கோர்வைப் புடவையைப் பழைய கைத்தறி முறையில் ஒருவர் தனியாக நெய்ய முடியாது. ஊடை நூலைக் குறுக்கே கொண்டுசெல்லும் நாடா உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடத்தில் எத்தனையோ வீடுகளில் வீட்டுப் பிள்ளைகளே உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. இப்போது உங்கள் தந்தை, முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார், முகூர்த்தத்துக்கு முன்பு புடவை தறியிலிருந்து இறங்கியாக வேண்டும், வாக்குக் கொடுத்துவிட்டார். மகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நெருங்குகிறது. இந்த நிலையில் அவருடைய நேர்மை முதலாளியின் பக்கம் இழுக்கிறது, பாசம் மகளின் பக்கம் இழுக்கிறது, முன்கோபம் இரண்டுக்கும் நடுவில் எங்கே வெடிப்பதென்று தெரியாமல் நிற்கிறது.

இதை எழுதும்போது அவர் மகளைக் கூப்பிட்டுத் தம் மனப்போராட்டத்தை எடுத்துரைப்பதாக எழுதிவிடாதீர்கள். அப்படிப்பட்ட தந்தை மகளிடம் நேராகக் கேட்க மாட்டார். அடுத்த அறையில் அவள் படித்துக்கொண்டிருக்க, அவள் காதில் விழும்படி மனைவியிடம், “கரைக்கு ஆள் கெடைக்கல. கூலிக்கு ஆள் வெச்சா நமக்கு என்ன மிஞ்சும்?” என்பார். மனைவி பதில் சொல்ல மாட்டாள். மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து தறியில் உட்காருவாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவார். கொஞ்ச நேரம் கழித்து, தறியின் பாவு நூல்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், “புக்கை வேணும்னா இங்கயே கொண்டாந்து வெச்சுக்கோ” என்பார். நாடா தள்ளும் கையால் பக்கம் புரட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்வாள். நீங்கள் குறிப்பில் எழுதிய பாசம் அந்த ஒரு வாக்கியத்தில் முழுவதுமாக இருக்கிறது. அதோடு, குறிப்பில் எழுதாத தன்னலமும், தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடும் மனமும் இருக்கின்றன. மகள் புத்தகத்தை எடுத்து வந்தது அவளைப் பற்றியும் ஒன்று சொல்கிறது.

ஆகவே இனிக் குறிப்பெழுதும்போது, இந்த மாதம் இவருக்கு என்ன தேவை, அதை யாரிடமிருந்து பெற வேண்டும், அதற்காக எதைச் செய்யத் துணிய மாட்டார் என்று எழுதிப் பாருங்கள். பிறகு அவரை முதலாளியின் கடையில் ஒருமுறை, மனைவியின் எதிரில் ஒருமுறை, தம்பி வீட்டுத் திண்ணையில் ஒருமுறை பேசவிடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே குரலில் பேசினால் அவர் இன்னும் உருவாகவில்லை என்று கொள்ளலாம். முதலாளியிடம் வார்த்தையை மென்று விழுங்குபவர் தம்பியிடம் அதட்டுவார். அதட்டலின் காரணம் கடையில் நடந்தது என்பதைத் தம்பி அறிய மாட்டான், வாசகர் அறிவார். அப்படி வாசகருக்கு மட்டும் தெரிந்த ஒன்று பாத்திரத்திடம் சேரச் சேர, வாசகர் அவரை நெடுநாள் பழகியவராக எண்ணத் தொடங்குவார்.

கேள்வி (சேலம் வாசகி): என் பெரியம்மாவை மையமாக வைத்து எழுதுகிறேன். அவர் இன்றும் எங்களோடு இருக்கிறார். உறவினர்கள் அடையாளம் கண்டு வருந்துவார்களோ என்ற அச்சத்தில், அவருடைய கடுமையான பக்கங்களை எல்லாம் விட்டுவிடுகிறேன். பாத்திரம் சப்பென்று ஆகிவிடுகிறது.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அதை வெட்கப்பட வேண்டிய பலவீனமாக எண்ண வேண்டாம். ஆனால் கடுமையை நீக்கிவிட்டு அன்பை மட்டும் எழுதினால், அது அவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது, நாவலும் ஆகாது. ஒருவரை அப்படியே எடுக்காமல் பலரிடமிருந்து எடுத்துச் சேர்ப்பதே இதற்கு வழி. 1872 ஜனவரியில் ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாயின் பண்ணைக்கு அருகில் இருந்த யாசென்கி ரயில் நிலையத்தில், அன்னா பிரகோவா என்ற பெண் ஒரு சரக்கு ரயிலின் முன் விழுந்து உயிரிழந்தார். அவர் பக்கத்துப் பண்ணைக்காரரோடு வாழ்ந்து, பின்னர் அவரால் கைவிடப்பட்டவர். டால்ஸ்டாய் நேரில் சென்று அந்த உடலைப் பார்த்தார். மறு ஆண்டு ‘அன்னா கரேனினா’வை எழுதத் தொடங்கியபோது அந்த முடிவையும் பெயரையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டார், தோற்றத்துக்கோ, விருந்தொன்றில் சந்தித்திருந்த, கவிஞர் புஷ்கினின் மகள் மரியா ஹார்டுங் அவருக்குப் பயன்பட்டார். உயர்குடியில் வைத்து, கணவனும் மகனும் தந்து, முற்றிலும் வேறொரு வாழ்க்கையை அமைத்தது டால்ஸ்டாயின் கற்பனை.

நீங்களும் பெரியம்மாவின் கடுமையை வைத்துக்கொண்டு, அவருடைய ஊரையும் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாற்றுங்கள். கடுமை எந்தச் சூழலில் வெளிப்பட்டது என்பதையும் மாற்றிவிடுங்கள். சொத்துப் பிரிவினையில் அவர் காட்டிய பிடிவாதத்தை, கதையில் ஒரு பள்ளித் தலைமையாசிரியை விடுமுறை விண்ணப்பத்தின்மேல் காட்டும் பிடிவாதமாக ஆக்கலாம். இந்த மாற்றங்களால் இன்னொரு நன்மையும் உண்டு. தெரிந்தவரைப் பற்றி எழுதும்போது, நமக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பில் பல காரணங்களைச் சொல்லாமல் விட்டுவிடுவோம். இடம் மாறியதும், ஏன் இவர் இப்படி நடந்துகொள்கிறார் என்று நாமே கேட்டு விடை காண வேண்டியதாகிறது. அந்த விடைதான் பாத்திரம். இவ்வளவு செய்த பின்பும் அவரை மட்டுமே புண்படுத்தக்கூடிய ஒரு நிகழ்ச்சி மிஞ்சுமானால், அதை எடுத்துவிடுங்கள். வேறு நிகழ்ச்சி கிடைக்கும்.

கேள்வி (மதுரை வாசகர்): என் பாத்திரங்கள் அழுகிறார்கள், கொதிக்கிறார்கள், மகிழ்கிறார்கள். ஆனால் படிப்பவருக்கு ஒன்றும் ஏற்படுவதில்லை. மிகையாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள்.

பதில்: உணர்ச்சிகள் மெய்யில் வெளிப்படுவதைச் சொல்லும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலை உரையோடு ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். செய்யுளுக்காகச் சொல்லப்பட்டதாயினும், நாவலாசிரியருக்கு அதில் கிடைப்பது அதிகம். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்னதோடு தொல்காப்பியர் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கிலிருந்து பிறக்கிறது என்றும் பிரித்தார். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து பிறக்கும். பிறர் இகழ்ந்ததால் வருவது, உரியதை இழந்ததால் வருவது, இருந்த நிலை கெட்டதால் வருவது, இல்லாமையால் வருவது. நான்கையும் ‘அவன் அழுதான்’ என்ற ஒரே சொற்றொடரால் எழுதுவதுதான் உங்கள் கையெழுத்துப் பிரதியில் நேர்ந்திருக்கக் கூடும்.

இழவால் அழுபவர் நாலு பேர் நடுவில் அழுவார். ஊரும் கூட அழும். இளிவால் அழுபவர் அப்படிச் செய்ய மாட்டார். கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த ஒருவரை, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று சொல்லி எழுப்பிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்த இடத்தில், “பரவாயில்லப்பா, எனக்குப் பசியே இல்ல, சும்மாதான் உக்காந்தேன்” என்று சொல்லிச் சிரிப்பார். வெளியே வந்து யாரோ ஒருவரின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வார். அழுகை எப்போதாவது வரலாம். திரும்பும் பேருந்தில் நடத்துநர் சில்லறை கேட்டுக் கொஞ்சம் குரல் உயர்த்தும்போது வரலாம். காரணம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால், அந்த உணர்ச்சி எங்கே அடங்கும், எங்கே வெளிப்படும் என்பது தானாகவே பிடிபடும், மிகையும் குறைந்துவிடும். வெகுளிக்கும் இப்படியே. தன்னை அடித்தவன்மேல் வரும் கோபமும், தன் குடியைச் சார்ந்தவர்களுக்குத் தீங்கு செய்தவன்மேல் வரும் கோபமும் ஒரே குரலில் வெளிவருவதில்லை.

கேள்வி (திண்டுக்கல் வாசகி): பெயர் வைப்பதில் கவனிக்க வேண்டியவை உண்டா?

பதில்: உண்டு. பெயர் பிறந்த பத்தாண்டைக் காட்டிவிடும். 1930களில் பிறந்த கிராமத்து விவசாயிக்கு ரமேஷ் என்று பெயர் வைத்தால் வாசகர் அந்தப் பக்கத்திலேயே நம்பிக்கை இழப்பார். செழியன், அன்பழகன் போன்ற பெயர்கள், பெயர் வைத்த தந்தையின் அரசியலையும் சேர்த்துச் சொல்லும். குலதெய்வப் பெயர் ஊரையும் சாதியையும் சொல்லும். ஆகவே தெரியாத வட்டாரத்துக்கு அவ்வூர்க்காரர் ஒருவரைக் கேட்டுப் பெயர் வையுங்கள். முக்கியமான இருவரின் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டாம்.

கேள்வி (கோவை வாசகர்): உரையாடலில் வட்டார வழக்கை எந்த அளவு எழுதலாம்? முழுவதும் எழுதினால் வெளியூர் வாசகருக்குப் புரியவில்லை. குறைத்தால் எல்லாரும் செய்தித்தாள் போலப் பேசுகிறார்கள்.

பதில்: 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ வெளிவந்ததிலிருந்து கொங்கு மக்களின் பேச்சு தமிழ் நாவலில் இடம்பெற்று வருகிறது. ஆகவே தயங்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் ஒலித்தபடியே எழுதிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். பேச்சின் அடையாளம் ஒலியைவிட வாக்கிய அமைப்பிலும், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதிலும், இடம் பார்த்து விழும் சில சொற்களிலும் அதிகமாக இருக்கிறது. ஒலிமாற்றத்தை மிதமாக வைத்து, அவ்வட்டாரத்துக்கே உரிய சொற்களைத் துணிந்து பயன்படுத்துங்கள். சூழலிலிருந்து பொருள் விளங்கும்படி அமைப்பது உங்கள் கடமை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தவர். அந்த அளவு இல்லாவிட்டாலும், சந்தையிலும் பேருந்திலும் காதில் விழும் சொற்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பது நல்லது.

இதைவிட முக்கியமாக, ஒரே ஆள் கேட்பவரைப் பொறுத்துப் பேச்சை மாற்றுவதை எழுதுங்கள். வீட்டில் கொங்குத் தமிழ் பேசும் பெண் வங்கி மேலாளரிடம் சற்றே எழுத்துத் தமிழுக்கு நகர்வாள். கோபம் வந்ததும் அது நழுவிவிடும். நம் மொழியில் விளிகளே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. பத்து அத்தியாயம் வரை கணவனை “ஏனுங்க” என்று அழைத்தவள் பதினோராம் அத்தியாயத்தில் “இங்க பாரு” என்றால், அதற்கு மேல் அவள் மனமாற்றத்தை விளக்கி ஒரு பத்தி எழுதத் தேவையில்லை. மாமனார், அதுவரை “மாப்பிள்ளை” என்று சொல்லிவந்தவரை மகளிடம் “உன்ற வீட்டுக்காரரு” என்று குறிப்பிடத் தொடங்கினாலும் அப்படியே. எழுதி முடித்ததும் உரையாடல்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். யார் பேசுகிறார் என்ற குறிப்பை மறைத்துவிட்டாலும் ஆளை அடையாளம் காண முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): என் நாவலில் ஒரு கந்துவட்டிக்காரர் வருகிறார். அவர் வரும் பக்கங்கள் பழைய திரைப்படம் போல இருக்கின்றன என்று மனைவி சொல்கிறார். தீயவரைத் தீயவராகத்தானே எழுத முடியும்?

பதில்: அவர் செய்வது தீமை என்பதை நீங்கள் ஓர் எழுத்தளவும் குறைக்க வேண்டாம். வட்டிக்கடனால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்திருக்கும் யாரும் அதைக் குறைக்கச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் தம்மைத் தீயவராக எண்ணிக்கொண்டு காலையில் எழுவதில்லை. அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது: இவர்களுக்கு வங்கி கொடுக்குமா, நள்ளிரவில் பிரசவத்துக்குப் பணம் வேண்டுமென்றால் வேறு யார் கதவைத் தட்டுவார்கள், போன வருடம் ஊரைவிட்டு ஓடியவனால் வந்த நட்டத்தை யார் தருவார்கள் என்று அவர் கேட்பார். அந்தக் கணக்கை அவர் வாயால், அவர் நம்புகிறபடியே, இடையில் புகுந்து மறுக்காமல் எழுதுங்கள். நாவலில் சேர்க்காவிட்டாலும் ஒரு நாள் முழுவதும் அவரோடு நடந்து ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள். யாரிடம் அவர் கடன் வாங்கியிருக்கிறார், யாரைக் கண்டு அஞ்சுகிறார், மகளின் பள்ளிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுகிறார் என்பவை அப்போது தெரியவரும். அதன்பின் அவர் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்று மெதுவான குரலில் “தம்பி இல்லீங்களா?” என்று கேட்டாலே போதும்; வாசகர் அஞ்சுவார்.

கேள்வி (கடலூர் வாசகி): வரும் ஒவ்வொருவருக்கும் இத்தனை ஆழம் தர வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில் பாத்திரங்களைத் தட்டையானவர், முழுமையானவர் என்று இரண்டாகப் பிரித்தார். நம்பும்படியாக நம்மை வியக்கவைக்க முடிகிறவரே முழுமையானவர் என்பது அவர் வைத்த சோதனை. தட்டையானவரை அவர் குறையாகச் சொல்லவில்லை. நாவலுக்கு இருவரும் தேவை என்றார். தபால்காரர் ஒருமுறை வந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போகலாம். அவருடைய குடும்பக் கவலையை இரண்டு பக்கத்துக்கு எழுதினால் வாசகர் அவர் மீண்டும் வருவார் என்று காத்திருப்பார்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): பாதி நாவலைத் தாண்டிவிட்டேன். முதலில் கோழையாக எண்ணியிருந்த நாயகன், எழுத எழுத, பிடிவாதமும் தந்திரமும் உள்ளவனாக மாறிவிட்டான். முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிச் சென்று எல்லாவற்றையும் திருத்துவதா, அப்படியே தொடர்வதா?

பதில்: முதலில், இது நல்ல செய்தி. உங்கள் திட்டத்துக்கு அடங்காத ஒன்று அவனிடம் தோன்றியிருக்கிறது. 1867 இலையுதிர்காலத்தில் ஜெனீவாவில் இருந்தபடி ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி ‘அசடன்’ நாவலுக்காக எழுதிய குறிப்புகளில், நாயகன் கட்டற்ற வேட்கையும் அகங்காரமும் கொண்டவனாக இருக்கிறான். நாம் இன்று அறிந்த, மாசற்ற உள்ளமுடைய இளவரசன் மிஷ்கின் அங்கே இல்லை. டிசம்பரில் அதுவரை எழுதியதைத் தள்ளிவிட்டு அவர் புதிதாகத் தொடங்கினார். 1868 ஜனவரியில் பத்திரிகையில் தொடர் வரத் தொடங்கிவிட்டது. கடன் தொல்லையும் பத்திரிகைக் கெடுவும் நெருக்கிய நிலையில் அவர் அப்படிச் செய்தார். உங்களுக்குக் கெடு இல்லை. ஆகவே நான் உங்களுக்கு வேறு வழியைச் சொல்வேன்.

திரும்பிச் செல்ல வேண்டாம். முதல் நாவல் எழுதுவோரில் பலர் மூன்றாம் அத்தியாயத்திலேயே நின்றுபோவது, முதல் இரண்டையும் மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டிருப்பதால்தான். இன்று எழுத வேண்டிய பக்கத்திலிருந்து, அவன் தொடக்கம் முதலே தந்திரக்காரன் என்று கொண்டு தொடருங்கள். முன்பகுதியில் மாற்ற வேண்டியவற்றைத் தனித்தாளில் ஒரு வரியாகக் குறித்துவையுங்கள்: ‘இரண்டாம் அத்தியாயம், பஞ்சாயத்தில் அவன் பேசாமல் இருந்தது பயத்தால் அல்ல.’ பல இடங்களில் நிகழ்ச்சியை மாற்றவே தேவைப்படாது. அவன் வாய் திறக்காமல் இருந்ததற்கு ஊரார் கற்பித்த காரணம் ஒன்றாகவும் உண்மை வேறாகவும் இருந்தது என்று ஆகிவிடும். அது நாவலுக்கு வலுவே சேர்க்கும்.

முதல் வரைவு முடிந்ததும் ஒரு மாதமாவது எடுத்துப் பார்க்காமல் வையுங்கள். பிறகு கதையை வரிசையாகப் படிப்பதற்கு முன், நாயகன் வரும் பக்கங்களை மட்டும் பிரித்து ஒரே மூச்சில் படியுங்கள். அடுத்த நாள் நாயகியின் பக்கங்கள், அதற்கடுத்த நாள் மற்றவர்கள். ஒருவருடைய கோட்டில் மட்டும் செல்லும்போது, ஆறாம் அத்தியாயத்தில் 15 வயதாக இருந்த தங்கைக்குப் பதினொன்றில் 14 வயது என்பதும், தந்தை இறந்து இரண்டு வாரத்தில் யாரும் அவரை நினைக்கவே இல்லை என்பதும், நாயகன் யாரிடமும் சொல்லாத ரகசியம் எப்படியோ அத்தைக்குத் தெரிந்திருப்பதும் கண்ணில் படும். யாருக்கு எது எப்போது தெரியவந்தது என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். தந்திரக்காரனை நாயகனாகக் கொண்ட கதைக்கு அந்த அட்டவணை இல்லாமல் இரண்டாம் வரைவைத் தொடங்கக் கூடாது.